தலையை எண்ணாதே, காரணத்தை எடை போடு!

பக்கம் இருக்கலாமா, போகலாமா? சம்பளம் வாங்காத நீதிபதிகளின் கதை

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் என்று ஒரு துறைமுக நகரம். அதன் ஓரத்தில் குகுலேத்து என்று ஒரு பகுதி. அங்கே 'எம்சோலி' என்ற பெயரில் ஓர் இறைச்சிக் கடை இருந்தது. வாடிக்கையாளர் கறியைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால், அங்கேயே நெருப்பில் சுட்டுக் கொடுப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடலாம். பாட்டும் ஆட்டமும் நடக்கும். கூட்டம் தாங்காது.

2007-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, இந்தக் கடையைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு புதிய பக்கம் முளைத்தது. இரண்டொரு வரிதான் இருந்தது.

22 நிமிடம் ஆயிற்று. பக்கத்தைக் காணோம்!

"இந்தக் கடை ஏன் முக்கியம் என்று பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கருதி, ஒரு நிருவாகி அதை நீக்கிவிட்டார்.

எழுதியவர் யார் தெரியுமா? ஜிம்மி வேல்ஸ். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர்!

வீட்டைக் கட்டியவரையே வாசலில் நிறுத்தியது போல ஆயிற்று. உடனே பெரிய வாதம் கிளம்பியது. "கடை சாதாரணக் கடைதான், பக்கம் வேண்டாம்" என்றார்கள் சிலர். வேறு சிலர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளைப் புரட்டினார்கள். அந்தக் கடையைப் பற்றி வந்திருந்த செய்திகளைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் சேர்த்தார்கள். முடிவில் பக்கம் நிலைத்தது.

எழுதுவது ஒருவர். நீக்கச் சொல்வது இன்னொருவர். வாதாடுவது பலர். கடைசியில் "இருக்கட்டும்" அல்லது "போகட்டும்" என்று சொல்லி விவாதத்தை முடித்து வைப்பவர் ஒருவர்.

அந்த ஒருவர் யார்? அவருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது? எதை வைத்து முடிவு சொல்கிறார்?

ஊர் கூடி எழுதும் புத்தகம்

விக்கிப்பீடியா 2001-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி தொடங்கியது. அது ஒரு கலைக்களஞ்சியம். உலகத்துச் சேதிகளை எல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கும் பெரிய புத்தகம். ஆனால் காகிதம் கிடையாது. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. படிக்கிறவரே எழுதலாம். பிழை கண்டால் திருத்தலாம். புதிய பக்கம் தொடங்கலாம். பட்டம் வேண்டாம். பதவி வேண்டாம்.

இப்படி ஊர் கூடி எழுதியதில், ஆங்கிலத்தில் மட்டும் 2025-ம் ஆண்டில் 70 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது.

வாசல் திறந்திருக்கும் கல்யாண வீட்டுக்கு விருந்தாளியும் வருவார்; அழையாதவரும் வருவார். இங்கேயும் அப்படித்தான். நேற்றுத் தொடங்கிய கடைக்கு விளம்பரம் தேடி ஒருவர் வருவார். தன்னைத் தானே புகழ்ந்து எழுத ஒருவர் வருவார். அடுத்தவர் புத்தகத்தில் இருந்து வரிக்கு வரி நகல் எடுத்துப் போட ஒருவர் வருவார். பிடிக்காதவரைப் பற்றி அவதூறு எழுத ஒருவர் வருவார். வேடிக்கைக்காகப் பொய் எழுதவும் ஒருவர் வருவார்.

நடக்காத போர்!

பொய் என்றால் சின்னப் பொய் அல்ல. நம் நாட்டைப் பற்றியே ஒரு பெரும் பொய் அங்கே குடியிருந்தது.

கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் உண்டு. 1640-லும் 1641-லும் அங்கே போர்ச்சுக்கீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் போர் நடந்தது என்று 2007-ம் ஆண்டு ஜூலையில் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார். போர் எப்படி மூண்டது, எப்படி ஓய்ந்தது என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார். ஆதாரம் என்று புத்தகங்களின் பெயர்களையும் அடுக்கியிருந்தார்.

படித்தவர்கள் நம்பினார்கள். அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தரமும் கிடைத்தது!

2012-ம் ஆண்டில் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. சொல்லப்பட்ட புத்தகங்களைத் தேடினார். அப்படிப் புத்தகங்களே கிடைக்கவில்லை. அந்தப் போரும் நடந்ததற்கு அடையாளம் இல்லை. சிவாஜி முடிசூடியதே 1674-ல்தான். அதற்கு 30 ஆண்டு முன்னால் மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது?

விவாதம் நடந்தது. 2012 டிசம்பரில் பக்கம் நீக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொய் உலகத்தை ஏமாற்றி இருக்கிறது!

களை எடுக்காத வயல் விளையாது. நீக்கும் வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆனால் களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கிவிட்டால்? அதற்குத்தான் இத்தனை விசாரணையும்.

மூன்று வழிகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உடனடி நீக்கம். பச்சை விளம்பரம், வெறும் கிறுக்கல், அப்பட்டமான நகல், அவதூறு போன்றவற்றுக்கு விவாதம் தேவை இல்லை. நிருவாகி பார்த்த உடனே நீக்கலாம். எம்சோலி கடைப் பக்கம் முதலில் போனது இந்த வழியில்தான்.

இரண்டாவது வழி, அறிவிப்பு வைத்துக் காத்திருப்பது. "இந்தப் பக்கத்தை நீக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று ஒருவர் பக்கத்தின் தலையில் சீட்டு ஒட்டுவார். ஏழு நாள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பக்கம் போகும். ஒரே ஒருவர் ஆட்சேபித்துச் சீட்டை எடுத்துவிட்டாலும் போதும். அந்த வழி அடைபட்டுவிடும்.

மூன்றாவது வழிதான் விவாதம். சந்தேகத்துக்கு இடமான வழக்குகள் எல்லாம் இங்கேதான் வரும். நாள்தோறும் பல டஜன் பக்கங்கள் இப்படி விவாதத்துக்கு வருகின்றன.

ஏழு நாள் பஞ்சாயத்து

விவாதம் எப்படி நடக்கிறது?

நீக்கக் கோருபவர் முதலில் தன் காரணத்தை எழுத வேண்டும். கட்டுரையின் தலையில் அறிவிப்பு ஏறும். படிக்க வருகிறவர் எல்லோர் கண்ணிலும் அது படும். வழக்குக்கென்று தனியாக ஒரு பக்கம் திறக்கப்படும்.

அங்கே யாரும் பேசலாம். கட்டுரையை எழுதியவர் வரலாம். எங்கோ இருக்கும் ஆசிரியர் வரலாம். பள்ளிக்கூடத்துப் பையனும் வரலாம். "வைத்திரு", "நீக்கு", "வேறு பக்கத்தோடு இணை" என்று தன் அபிப்பிராயத்தை எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும்.

முன்பு இதற்கு ஐந்து நாள் கெடு இருந்தது. 2009-ம் ஆண்டில் ஏழு நாள் ஆக்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறை நாளில் உட்கார்ந்து தேடிப் பார்க்கவும் அவகாசம் வேண்டும் அல்லவா?

ஏழு நாள் முடிந்ததும், விவாதத்தில் கலந்து கொள்ளாத ஒருவர் வருவார். எல்லாவற்றையும் படிப்பார். முடிவை எழுதி, பஞ்சாயத்தைக் கலைப்பார். பெரும்பாலும் அவர் ஒரு நிருவாகியாக இருப்பார்.

நிருவாகி என்பவர் யார்?

நிருவாகி என்றதும் பெரிய உத்தியோகம், கார், பங்களா என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. படி கிடையாது. அலுவலகம் கிடையாது. வீட்டு வேலையும் சொந்தப் பிழைப்பும் போக, மிச்ச நேரத்தில் இந்த வேலையைச் செய்பவர்.

பல காலம் ஒழுங்காகக் கட்டுரை எழுதி, மற்றவர்களிடம் நல்ல பெயர் எடுத்தவரைத்தான் நிருவாகி ஆக்குவார்கள். சக எழுத்தாளர்கள் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். அவர் முன்பு செய்த தவறுகளைத் தோண்டி எடுப்பார்கள். "உன்னை எப்படி நம்புவது?" என்று நேருக்கு நேராகவே கேட்பார்கள். அதில் தேறினால்தான் பதவி.

ஆங்கில விக்கிப்பீடியாவின் 70 லட்சம் கட்டுரைகளுக்கு இப்படிப்பட்ட நிருவாகிகள் ஏறத்தாழ 800 பேர்தான்.

பக்கத்தை நீக்கும் பொத்தான் அவர்கள் கையில் இருக்கிறது. அழுத்த ஒரு நொடி போதும். அழுத்தலாமா என்று யோசிப்பதில்தான் இரவு கழிகிறது.

புகழ் வேறு, ஆதாரம் வேறு

விவாதத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றுதான். "இவருக்கு ஒரு பக்கம் வைக்கத் தகுதி இருக்கிறதா?"

இந்த 'தகுதி' என்ற சொல்லால் பலர் மனம் புண்படுகிறது. "என் தாத்தா ஊருக்கே சோறு போட்டவர். அவருக்கா தகுதி இல்லை?" என்று கொதிக்கிறார்கள்.

கொதிக்க வேண்டாம். இங்கே தகுதி என்பதற்குப் பொருள் வேறு. அந்த மனிதரைப் பற்றி, அவரோடு சம்பந்தம் இல்லாத பிறர், நம்பத்தக்க பத்திரிகையிலோ புத்தகத்திலோ விரிவாக எழுதியிருக்கிறார்களா? இதுதான் கேள்வி. அவரே எழுதிக் கொண்டது செல்லாது. அவர் வேலை பார்க்கும் கம்பெனி வெளியிட்டது செல்லாது. பெயர் மட்டும் ஒரு வரியில் வந்தாலும் போதாது.

காரணம் எளிது. எழுத ஆதாரம் இல்லாவிட்டால், பக்கத்தில் வருவது வதந்தியாகத்தான் இருக்கும். அது மெய்யா பொய்யா என்று சரிபார்க்க ஒருவராலும் முடியாது. பிச்சோலிம் போர் கதைதான் மறுபடியும் நடக்கும்.

ஒரு பாடகரின் வழக்கு

ஒரு வழக்கைக் கற்பனை செய்து பார்ப்போம்.

ஒரு பாடகரைப் பற்றிய பக்கம். "ஆதாரம் இல்லை, நீக்குங்கள்" என்று ஒருவர் வழக்குப் போடுகிறார். முதல் இரண்டு நாளில் நான்கு பேர் வருகிறார்கள். "தேடிப் பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை, நீக்கு" என்கிறார்கள்.

மூன்றாம் நாள் திடீரென்று கூட்டம்! ஒன்பது பேர் வந்து "வைத்திரு, வைத்திரு" என்கிறார்கள். "அவர் குரல் தேன்" என்கிறார் ஒருவர். "எனக்கு அவர் பாட்டு உயிர்" என்கிறார் இன்னொருவர். பார்த்தால், அதில் ஏழு பேர் நேற்றுத்தான் கணக்குத் தொடங்கியவர்கள்.

ஆறாம் நாள் இரவு ஒரே ஒருவர் வருகிறார். ஆரவாரம் இல்லை. "இருபது ஆண்டுக்கு முந்தைய இரண்டு பத்திரிகைகளில் இந்தப் பாடகரைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. இதோ தேதி, இதோ பக்க எண்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

ஏழாம் நாள் கெடு முடிகிறது. இப்போது நீங்கள் நிருவாகி. என்ன செய்வீர்கள்?

வைத்திரு என்றவர்கள் பத்து, நீக்கு என்றவர்கள் ஐந்து, ஆகவே வைத்திரு என்று சொன்னால், அது தேர்தல். விக்கிப்பீடியாவில் அந்தக் கணக்குச் செல்லாது.

ஒன்பது பேரின் கூச்சலுக்கு எடை குறைவு. குரல் தேன் என்பது பக்கத்துக்கு ஆதாரம் ஆகாது. ஆனால் ஆறாம் நாள் வந்த ஒருவரின் பேச்சுக்கு எடை அதிகம். அவர் ஆதாரம் கொண்டு வந்திருக்கிறார். "நீக்கு" என்ற ஐந்து பேரும் அதைப் பார்ப்பதற்கு முன்னால் பேசியவர்கள். அவர்கள் சொன்ன காரணமே இப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

அனுபவசாலியான நிருவாகி என்ன செய்வார்? "புதிய ஆதாரம் வந்திருக்கிறது. எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று விவாதத்தை இன்னும் ஏழு நாள் நீட்டுவார். அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாயமாட்டார்.

செல்லாத காசுகள்

பஞ்சாயத்தில் அடிக்கடி வந்து விழும் செல்லாத காசுகள் சில உண்டு.

"எனக்குப் பிடித்திருக்கிறது." செல்லாது.

"எனக்குப் பிடிக்கவில்லை." இதுவும் செல்லாது.

"அவருக்கு மட்டும் பக்கம் இருக்கிறதே, இவருக்கு ஏன் கூடாது?" பெரும்பாலும் செல்லாது. அந்தப் பக்கமும் நீக்க வேண்டியதாக இருக்கலாமே!

"இணையத்தில் தேடினால் இவர் பெயர் பத்தாயிரம் இடத்தில் வருகிறது." எண்ணிக்கை பெரிதல்ல. அந்த இடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம்.

"மேலே சொன்னவர் சொன்னதே என் கருத்து." மேலே சொன்னவரின் காரணம் எத்தனை எடையோ, அத்தனைதான்.

ஒரே ஆசாமி ஐந்து பெயரில் வந்து ஐந்து பேர் போலப் பேசுவதும் உண்டு. அதற்குக் 'கைப்பாவை' என்று பெயர். கண்டுபிடிப்பதற்கென்றே தனி அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அகப்பட்டால், பாவைகளோடு ஆட்டியவரும் வெளியே!

தராசு பேசக்கூடாது

முடித்து வைப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு. கடுமையான கட்டுப்பாடு.

அவருக்கு அந்தப் பாடகரை நேரில் தெரிந்திருக்கலாம். அவர் பாட்டு பிடிக்காமலும் இருக்கலாம். அதை எல்லாம் தீர்ப்பில் கலக்கக் கூடாது. விவாதத்தில் யாருமே சொல்லாத ஒரு காரணத்தைத் தானாகக் கண்டுபிடித்து, "இதனால் நீக்குகிறேன்" என்றும் எழுதக் கூடாது.

சொந்த அபிப்பிராயம் இருந்தால், மற்றவர்களைப் போல விவாதத்தில் எழுதிவிட்டு ஒதுங்க வேண்டும். தீர்ப்பை வேறொருவர் சொல்லுவார். சாட்சிக் கூண்டில் ஏறியவர் நீதிபதி நாற்காலியில் உட்கார முடியாது அல்லவா?

காரணங்களின் எடையைச் சொல்வது மட்டும்தான் அவர் வேலை. தராசு பேசக்கூடாது. நிறுக்க வேண்டும்.

தீர்ப்பு எத்தனை வகை?

வைத்திரு, நீக்கு என்ற இரண்டோடு தீர்ப்பு முடிவதில்லை.

தனிப் பக்கத்துக்கு விஷயம் போதாது, ஆனால் சேதி நல்ல சேதி என்றால், அதைப் பெரிய பக்கம் ஒன்றோடு இணைக்கச் சொல்லலாம். ஒரு பாட்டைப் பற்றிய சிறு பக்கத்தைப் பாடகரின் பக்கத்தோடு சேர்ப்பது போல.

பெயரை மட்டும் வைத்துக் கொண்டு, தேடி வருகிறவரை வேறு பக்கத்துக்கு வழி காட்டி அனுப்பலாம்.

"ஆதாரம் சேர்த்துச் செம்மை செய்யுங்கள்" என்று வரைவுப் பகுதிக்கு அனுப்பலாம்.

இரு பக்கமும் வலுவான காரணங்கள் சமமாக நின்றால், "ஒருமித்த கருத்து இல்லை" என்று எழுதலாம். அப்போது வழக்கமாகப் பக்கம் பிழைத்துக் கொள்ளும். சந்தேகத்தின் பலன் கட்டுரைக்கு!

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. உயிரோடு இருக்கும், அதிகம் அறியப்படாத ஒருவர், "என்னைப் பற்றிய பக்கம் வேண்டாம்" என்று தாமே கேட்டுக் கொண்டால், விவாதம் சமமாக நின்றாலும் நிருவாகி பக்கத்தை நீக்கலாம். ஒரு மனிதரின் நிம்மதிக்கும் அங்கே எடை உண்டு.

117-வது தனிமம்

இத்தனை கவனம் இருந்தும் தீர்ப்புகள் கசப்பதுண்டு. ஒரு கதை கேளுங்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அணு வேதியியல் பணி செய்தார். முன்பு அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர்.

உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் தனிமங்களால் ஆனவை. இரும்பு ஒரு தனிமம். தங்கம் ஒரு தனிமம். 117-வது தனிமத்தைச் செயற்கையாக உண்டாக்க விஞ்ஞானிகள் முயன்றார்கள். அதற்கு பெர்க்கீலியம் என்ற அபூர்வப் பொருள் தேவைப்பட்டது. அதைத் தூய்மை செய்து கொடுத்த குழுவில் இந்த அம்மையாரும் ஒருவர். அது ரஷியாவுக்குப் போனது. 2010-ல் புதிய தனிமம் பிறந்த சேதி வெளியாயிற்று. 2016-ல் அதற்கு டென்னசின் என்று பெயர் வைத்தார்கள்.

ஜெஸ் வேட் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி, 2018-ல் இந்த அம்மையாரைப் பற்றி விக்கிப்பீடியாவில் பக்கம் எழுதினார். 2019 பிப்ரவரியில் அது விவாதத்துக்குப் பின் நீக்கப்பட்டது. "அவரைப் பற்றி வெளியார் எழுதிய ஆதாரம் போதாது" என்பது காரணம்.

பெரும் சர்ச்சை மூண்டது. "உழைத்தவர் இருக்கிறார், உழைப்பு இருக்கிறது, எழுத ஆள் இல்லாதது அவர் குற்றமா?" என்று ஒரு பக்கம். "விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்று மறு பக்கம். நாளடைவில் அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் சேதிகள் வந்தன. 2020-ல் பக்கம் திரும்பி வந்து நிலைத்தது.

விதியைப் பார்த்தால் நிருவாகி மேல் குறை சொல்வது கடினம். நியாயத்தைப் பார்த்தால் மனம் உறுத்துகிறது. பத்திரிகைகளும் புத்தகங்களும் யாரை மறந்தனவோ, அவர்களை விக்கிப்பீடியாவும் மறக்கும். தராசு நேராக இருந்தாலும், தட்டில் வைக்கும் எடைக்கல்லே குறையாக இருந்தால் என்ன செய்வது?

அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிரான்செஸ்கா திரிபோடி 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள வாழ்க்கை வரலாறுகளில் பெண்களைப் பற்றியவை 100-க்கு 19-க்கும் குறைவு. ஆனால் நீக்கும்படி வழக்குப் போடப்பட்ட வரலாறுகளில் பெண்களுடையவை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் என்று அவர் கண்டார். வழக்குப் போடுகிறவர்களும் முடித்து வைக்கிறவர்களும் மனத்தில் நிறுத்த வேண்டிய கணக்கு இது.

நோபல் பரிசு வந்த நாள்

இன்னொரு சேதி, கனடாவில் நடந்தது.

டோனா ஸ்டிரிக்லேண்ட் என்ற அம்மையார் அங்கே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியை. அவரைப் பற்றிய வரைவுக் கட்டுரை ஒன்று 2018-ம் ஆண்டு மே மாதம் பரிசீலனைக்கு வந்தது. காட்டப்பட்ட ஆதாரம் போதாது என்று அதைத் திருப்பிவிட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு! மேரி கியூரி, மரியா கெப்பர்ட் மேயர் இருவருக்கும் பிறகு அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண்மணி அவர். உலகமே அவர் பெயரைத் தேடியது. விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. அன்றைக்கே அவசர அவசரமாகப் பக்கம் எழுந்தது.

இது விவாதத்தில் நீக்கப்பட்ட கதை அல்ல. வாசலிலேயே திருப்பப்பட்ட கதை. இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான். "ஆதாரம் காட்டவில்லை" என்பது ஒன்று. "ஆதாரமே இல்லை" என்பது வேறு. முதலாவதை இரண்டாவது என்று நினைத்துவிட்டால், நல்ல பயிரும் களையோடு போய்விடும்.

கிழிப்பது அல்ல, பூட்டுவது

நீக்கிய பக்கம் எங்கே போகிறது?

நெருப்பில் போவதில்லை. காகிதத்தைக் கிழித்து எறிவது போல நினைக்க வேண்டாம். பீரோவில் வைத்துப் பூட்டுவது போல. பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியாது. நிருவாகிகள் திறந்து பார்க்கலாம். வேண்டும் என்றால் பழையபடி வெளியே எடுத்து வைக்கலாம். யார், எந்த நேரத்தில், என்ன காரணத்தால் நீக்கினார் என்பது எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் ஏறியிருக்கும்.

தீர்ப்புப் பிடிக்காதவர் அப்பீல் செய்யலாம். முதலில், முடித்து வைத்தவரிடமே போய்க் கேட்பதுதான் மரியாதை. "ஐயா, இந்த ஆதாரத்தைக் கவனித்தீர்களா?" என்று கேட்டால், பலர் தீர்ப்பைத் தாங்களே மாற்றிக் கொள்வதும் உண்டு. அங்கே சமாதானம் கிடைக்காவிட்டால், மறு ஆய்வு மன்றம் இருக்கிறது. அங்கேயும் ஏழு நாள் விவாதம். "அந்தப் பாடகர் நல்லவரா?" என்று அங்கே விசாரிப்பதில்லை. "முடித்து வைத்தவர் விவாதத்தைச் சரியாகப் படித்தாரா?" என்றுதான் விசாரிப்பார்கள். புதிய ஆதாரம் இருந்தால் அதையும் பார்ப்பார்கள்.

வெண்ணெயும் சுண்ணாம்பும்

தீர்ப்புச் சொல்பவருக்குப் பாராட்டுக் கிடைப்பது அபூர்வம். "நீக்கு" என்றால், எழுதியவர் பகை. "வைத்திரு" என்றால், வழக்குப் போட்டவர் பகை. "ஒருமித்த கருத்து இல்லை" என்றாலோ இரு தரப்பும் பகை! ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்துவிட்டார் என்பார்கள்.

அதனால்தான், சிக்கலான வழக்கில் நல்ல நிருவாகி வெறும் "நீக்கு" என்று எழுதிவிட்டுப் போவதில்லை. எந்தக் காரணத்தை ஏற்றார், எதை ஏன் ஏற்கவில்லை என்று நாலு வரி எழுதுவார். தோற்றவர் அதைப் படிக்கும்போது, "நான் சொன்னதைக் காதில் வாங்கினார்" என்ற எண்ணமாவது வர வேண்டும். பாதிக் கோபம் அதிலேயே தணியும்.

உங்கள் பக்கத்தை நீக்கச் சொன்னால்...

தமிழில் விக்கிப்பீடியா 2003-ம் ஆண்டு தொடங்கியது. இங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. இங்கேயும் நிருவாகிகள் உண்டு. அவர்களும் காசு வாங்காத தொண்டர்களே.

உங்கள் ஊர்ப் புலவரைப் பற்றியோ, பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றியோ நாளைக்கு நீங்களும் ஒரு பக்கம் எழுதக்கூடும். ஒருவர் வந்து "நீக்குக" என்று சீட்டு ஒட்டக்கூடும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? கோபித்துக் கொண்டு போய்விட வேண்டாம். மைத்துனரையும் மச்சானையும் கூட்டி வந்து "வைத்திரு" போடச் சொல்லவும் வேண்டாம். நூறு பேர் வந்தாலும் அது நூறு செல்லாத காசு.

நூலகத்துக்குப் போங்கள். பழைய பத்திரிகைக் கட்டைப் பிரியுங்கள். அந்தப் புலவரைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள், எந்தப் புத்தகத்தில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் என்று குறித்துக் கொண்டு வாருங்கள். அமைதியாக எழுதி வையுங்கள்.

ஏழாம் நாள் முகம் தெரியாத ஒருவர் வருவார். கூட்டம் எவ்வளவு என்று அவர் பார்க்கமாட்டார். நீங்கள் குறித்து வைத்த அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்துப் படிப்பார்.